ஏழரை ஆண்டு ஏடு

தேனி மாவட்டத்துக் குச்சனூருக்கு வருவோரில் பெரும்பாலோர் ஒரே கணக்கோடுதான் வருகின்றனர். ஏழரை ஆண்டுக் கணக்கு! சனி பிடித்திருக்கிறது என்று சோதிடர் சொல்லிவிட்டார். எள்ளும் எண்ணெயும் கறுப்புத் துணியுமாகச் சுரபி நதிக்கரைக்கு வந்துவிட்டனர். எப்போது முடியும், எப்போது விடியும் என்பதே அவர்தம் கேள்வி.

அதே கேள்வியை, அதே கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்த வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அவர்களைச் சனி பிடிக்கவில்லை; சோதனைக் குழாய் பிடித்திருக்கிறது! உழவர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் பிறந்து, உள்ளூர்ப் பள்ளியிலே படித்து, 1956-ல் தொடங்கப்பட்ட உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்றவற்றிலே பட்டம் பெற்று, மதுரைப் பல்கலைக் கழகத்தின் வாயிலை எட்டி, இரசாயனத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராயும் இளைஞர்கள் அவர்கள். பல்கலைக் கழக மானியக் குழு 2022-ல் வகுத்த விதியின்படி, இந்தப் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு. கூடியது 6 ஆண்டு. மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டு. ஆக, எட்டாண்டு வரை ஒருவனை இந்தப் படிப்பு பிடித்து வைக்கலாம். வானத்துக் கோளின் ஏழரைக்கு வாசகம் எழுதியவர்கள் பலர். இந்த ஏழரைக்கு எழுதியவர் யார்?

இந்த ஆண்டுகளின் முடிவிலே விளைவது ஒரு நூல். ஆய்வேடு என்பது அதன் பெயர். கவிதையைத் திறனாய்கிறோம், நாவலை நார் நாராய்க் கிழிக்கிறோம், நாடகத்தின் வசனத்தை நிறுத்துப் பார்க்கிறோம். ஆனால், மக்கள் வரிப்பணத்திலே ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக எழுதப்படும் இந்த நூல்வகையை மட்டும் எவரும் திறனாய்வு செய்வதில்லை. இலக்கியம் அன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். எழுதப்பட்டது எதுவும், எவருக்காக எழுதப்பட்டது என்ற கேள்விக்குத் தப்ப முடியாது. ஆகவே, இன்று இந்த ஏட்டை எடுத்துப் புரட்டுவோம்.

முதலில் தலைப்பு. மூன்று வரிக்கு நீளும், மூச்சு வாங்கும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொருளை, எந்த முறையால், எந்த அளவுக்கு ஆராய்ந்தேன் என்று வரையறுத்துச் சொல்வது விஞ்ஞானத்தின் நாணயம். அடுத்து முன்னுரை இயல். இங்கேதான் நோய் தொடங்குகிறது. முன்னவர் செய்தது என்ன, விட்டது என்ன, நான் தொடுவது என்ன என்று வாதிட வேண்டிய இடத்தில், முன்னோர் எழுதியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைக்கும் வழக்கம் புகுந்துவிட்டது. ஒருவர் ஏட்டிலிருந்து மற்றொருவர் ஏட்டுக்கு வரிகள் குடிபெயர்ந்தன. மானியக் குழுவே 2018-ல் விதி வகுத்து, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுது, 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே இரத்து என்று சட்டம் போட நேர்ந்தது. திருடாதே என்று ஊரிலே தண்டோரா போடுகிறார்கள் என்றால், ஊரின் நிலை என்ன என்பது விளங்கவில்லையா?

மூன்றாவது, செய்முறை இயல். என் மதிப்பீட்டில் இந்நூல்வகையின் ஒளிமிக்க பகுதி இதுவே. எவ்வளவு எடை, எவ்வளவு வெப்பம், எத்தனை மணி நேரம், எந்தக் கரைப்பான் என்று, மறைக்காமல் எழுதப்படுகிறது. பரம்பரைக்கு மட்டுமே பகர்வேன் என்று பாகத்தை ஒளித்துவைத்த இரசவாதியின் காலத்துக்கும், எவனும் என் வீட்டு அடுப்பிலே வைத்ததை உன் வீட்டு அடுப்பிலே வைத்துப் பார்க்கலாம் என்று அறைகூவும் இரசாயனியின் காலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த இயலிலே அடங்கியிருக்கிறது. சொன்னவர் பெரியவர் என்பதால் நம்பாதே, செய்து பார்த்து நம்பு—இதைவிடப் பெரிய சீர்திருத்த வாசகம் எந்த மேடையிலே முழங்கப்பட்டது?

ஒரு சான்று பாருங்கள். ஐரோப்பிய இரசவாதிகள் சனிக்கோளுக்கு உரிய உலோகம் ஈயம் என்றனர். ஈய நச்சினால் வரும் நோய்க்குச் சனியின் பெயரையே சூட்டினர். நம் நாட்டுச் சோதிடமோ, சனிக்குரிய உலோகம் இரும்பு என்றது. ஒரே கோள், இரண்டு உலோகம்! எது மெய் என்று இரு தரப்பாரும் தத்தம் ஏட்டை விரித்தால், உலகம் உள்ளளவும் வழக்கு முடியாது. இரசாயனி ஏட்டை விரிப்பதில்லை. ஈயத்தை ஈயமாகவும் இரும்பை இரும்பாகவும் பிரித்துக் காட்டுகிறான். இரண்டுக்கும் கோளுக்கும் உறவு காட்டும் சோதனை உண்டானால் செய்து காட்டு என்கிறான். வழக்கு முடிந்தது!

நான்காவது, முடிவுரை. ‘மேலும் ஆராயத்தக்கது’ என்று முடிப்பது வழக்கம். மேலும் ஆராய்பவர் யார் என்று கேட்டால், விடை கிடையாது. கடைசியாக நன்றியுரை. ஏட்டின் முதலிலேயே அச்சிடப்பட்டாலும் கடைசியாக எழுதப்படுவது அது. முந்நூறு பக்க ஏட்டிலே ஆராய்ந்தவன் மனிதனாகத் தெரியும் பக்கம் அது ஒன்றே. தகப்பன் விற்ற நிலமும், தாய் அடகு வைத்த நகையும், தம்பி நிறுத்திக்கொண்ட படிப்பும் அங்கேதான் ஒரு வரியிலே வந்து நிற்கின்றன. அந்த வரியும் ஆங்கிலத்திலே! அந்தத் தாய்க்குச் சொல்லும் நன்றியை அந்தத் தாய் படிக்க முடியாது.

இந்த ஏட்டைப் படிப்பவர் எத்தனை பேர்? நெறியாளர் ஒருவர், வெளியிலிருந்து தேர்வாளர் இருவர். மூவர்! முன்பெல்லாம் நூலகத்துப் பூட்டைக் குறை சொன்னோம். இன்று ‘சோத்கங்கா’ என்னும் மின்னூலகத்திலே இந்தியப் பல்கலைக் கழகங்களின் ஆய்வேடுகள் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கப்படுகின்றன. அலமாரியின் பூட்டுத் திறந்துவிட்டது; மொழியின் பூட்டுத் திறக்கவில்லை. 

பருமனால் ஏட்டுக்குப் பெருமை வராது என்பதற்கு வரலாறு சாட்சி. பம்பாயிலே இரசாயனத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு 1933-ல் பட்டம் பெற்ற கமலா பாகவத்—பின்னாளில் கமலா சோஹோனி—பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே இடம் கேட்டார். அப்போது அதன் இயக்குநர் சர் சி. வி. இராமன். நோபெல் பரிசு பெற்ற அந்த மேதை, பெண் என்ற ஒரே காரணத்தால் இடமில்லை என்றார். கமலா வாதாடினார், போராடினார். ஓராண்டு சோதனைக் காலம், ஆண்களின் கவனம் கலையாதபடி நடக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உள்ளே விடப்பட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்றார். செடிகளின் உயிரணுக்களிலே மூச்சு நிகழ்வதற்குத் துணைபுரியும் ‘சைட்டோகுரோம்’ என்னும் பொருளைப் பற்றி ஆராய்ந்து, 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேடு எத்தனை பக்கம்? தட்டச்சிலே 40 பக்கம்! நாடு திரும்பிய அவர் பிற்காலத்திலே ஆராய்ந்தவற்றுள் ஒன்று பதநீர். ஊட்டம் குன்றிய ஏழைக் குழந்தைகளுக்கு அது எவ்வாறு உதவும் என்று ஆய்ந்து, குடியரசுத் தலைவரின் பரிசும் பெற்றார். நாற்பது பக்கம் எழுதியவர் பனைமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். நானூறு பக்கம் எழுதியவர் பலர் எங்கே சேர்ந்தனர்?

கல்கத்தாவில் 1944-ல் டாக்டர் பட்டம் பெற்ற அசிமா சாட்டர்ஜி, செடி கொடிகளிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுப்பதையே வாழ்நாள் தொண்டாக்கிக் கொண்டார். வயல் வரப்பிலே முளைக்கும் ஆரைக்கீரை இனத்துச் செடியிலிருந்து காக்கை வலிப்புக்கு மருந்து காண உழைத்தார். இவையும் டாக்டர் பட்டங்களே! ஆகவே, பட்டமே பாழ் என்று நாம் பழிக்கவில்லை. பட்டம் எங்கே போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

பட்டம் தருகிறவர்களின் தராசு எப்போதும் நேராக நின்றதா? சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக் கழகம், 1884-ல் அர்ரேனியஸ் என்ற இளைஞரின் ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே தந்தது. உப்பு நீரிலே கரையும்போது மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது என்ற கருத்துக்கு வித்திட்ட ஏடு அது. 1903-ல் அதே கருத்துக்காக அவருக்கு இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசு கிடைத்தது. தேர்வாளர் தோற்றார், தேர்வு எழுதியவர் வென்றார்.

சுவீடன் எதற்கு? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலை ஏறி இறங்கினால் பீர்மேடு. அங்கே 1918-ல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியிலே பௌதிகமும் இரசாயனமும் பயின்று 1939-ல் சிறப்புப் பட்டம் பெற்றார். பெங்களூரிலே இராமனின் ஆய்வுக்கூடத்துக்கு உதவித் தொகையோடு சென்றார். வைரத்தையும் கெம்பையும் ஒளியிலே நிறுத்தி ஆராய்ந்தார். வைரம் என்பது என்ன? அடுப்புக் கரியின் அதே கரிதான், அணுக்கள் வேறு வகையாக அடுக்கப்பட்டது. அந்த அடுக்கின் கதையை ஒளியின் வாயிலாகப் படிப்பது அவரது பணி. ஒரு நிழற்படத் தகட்டைப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளிக்குக் காட்ட வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். 1942-க்கும் 1945-க்கும் இடையே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் டாக்டர் பட்டத்துக்குரிய ஏட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்தார்.

பட்டம் கிடைத்ததா? இல்லை! ஆய்வு பிழையென்று சொல்லவில்லை. அளவு தவறென்று சொல்லவில்லை. எம்.எஸ்சி. பட்டம் இல்லை, ஆகவே டாக்டர் பட்டம் இல்லை என்றனர். சிறப்புப் பட்டம் உண்டு. உதவித் தொகையால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெருமை உண்டு. அச்சேறிய ஐந்து கட்டுரைகள் உண்டு. எல்லாம் இருந்தும், இடையிலே ஒரு படி குறைகிறதாம்! மாடிக்கு வந்து நிற்பவரைப் பார்த்து, நீ படியேறவில்லை, ஆகவே மாடியில் இல்லை என்பதுபோல் இல்லையா இது? பட்டம் பெறாத அந்த ஏடு, பட்டம் பெற்றவர்களின் ஏடுகளோடு ஏடாக, பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்து நூலகத்திலே வைக்கப்பட்டது.

அன்னா மணி அழுதுகொண்டு அமரவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்றார். 1948-ல் திரும்பி இந்திய வானிலைத் துறையிலே சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொண்டிருந்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவில் விழும் வெயிலின் அளவைத் தொகுத்து 1980-ல் நூலாக்கினார். அதன் பின்னரும் நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். இன்று தேனி மாவட்டத்திலே சுழலும் காற்றாலைகளைப் பார்க்கும் மாணவன், இந்நாட்டுக் காற்றை அளந்து கணக்கெழுதியவர்களில் ஒருவர், மலைக்கு அப்பால் பிறந்த, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண் என்பதை அறிய வேண்டும்.

‘பார்த்தீர்களா, பட்டம் இல்லாமலே உயரலாம்!’ என்று சிலர் இதிலிருந்து பாடம் படிப்பர். அந்தப் பாடம் ஏழைக்கு ஆகாது. அன்னா மணிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க இடம் இருந்தது. வேறு கதவு திறந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ முதல் தலைமுறையாகப் படிக்க வருபவனுக்குப் பட்டம் என்பது அலங்காரம் அன்று, அது கவசம். பேரைக் கேட்டுத் தெருவை ஊகித்து, தெருவைக் கேட்டுத் தகுதியை ஊகிக்கும் நாட்டிலே, பேருக்கு முன்னால் நிற்கும் ‘டாக்டர்’ என்ற எழுத்துகள் சில கேள்விகளையாவது வாயடைக்கச் செய்கின்றன. ஆகவே பட்டம் வேண்டும். பட்டத்துக்கான வாயில் நேராக வேண்டும். அதன் பயன் ஊருக்கு வர வேண்டும்.

வாயில் நேராக இருக்கிறதா? உதவித் தொகையோடு ஆராய விரும்புவோர் மத்திய அரசு நடத்தும் தகுதித் தேர்வு எழுதுகின்றனர். அதில் வென்றால் 2023 தொடக்கம் முதல் மாதம் 37,000 ரூபாய் உண்டு. நல்ல தொகைதான். ஆனால், இரசாயனத்துக்குரிய அந்த வினாத்தாள் எந்த மொழியிலே வருகிறது? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவன் அணுவைத் தன் தாய்மொழியிலே சந்திக்கலாம். தமிழன் சந்திக்கக் கூடாது. ஒருவனுக்கு இரண்டு கதவு, மற்றவனுக்கு ஒரு கதவு. ஓட்டப் பந்தயம் மட்டும் ஒன்று! இதைச் சமவாய்ப்பு என்று கூறினால், சமம் என்ற சொல்லுக்கே புதிய அகராதி எழுத வேண்டும். தொகை கிடைக்காதவன் நிலையோ, ஆய்வுக்கூடத்திலே அரைநாள், பிழைப்புக்கு அரைநாள். எட்டாண்டு ஏன் ஆகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

‘தமிழிலே இரசாயனமா? சொல் ஏது?’ என்று கேட்கும் பண்டிதர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நாம் புதிய விடை தேட வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய விடை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியால் 1875-ல் தமிழில் அச்சாகி வந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. கடல் கடந்து வந்த ஒருவருக்கு, தமிழிலே இரசாயனம் சொல்லலாம் என்ற துணிவு 1875-ல் இருந்தது. தமிழ்த்தாயின் வயிற்றிலே பிறந்தவர்க்கு இன்று அந்தத் துணிவு இல்லையென்றால், குறை மொழியிலா? முழியிலா? 1916-ல் சேலத்திலே கலைச்சொல் ஆக்கக் கழகம் தோன்றியது. 1960-களிலே அரசின் தமிழ் வெளியீட்டுக் கழகம் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழிலே கொணர்ந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக் கழகம் தோன்றியபோது, அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். இத்தனை கலங்கள் துறைமுகத்திலே நிற்க, இரசாயன ஆய்வேடு மட்டும் இன்னும் தமிழ்க் கரையிலே இறங்காமல் கடலிலேயே மிதப்பானேன்?

‘உலகம் படிக்க வேண்டாமா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. உலகம் படிக்கட்டும்! ஆங்கிலத்திலே எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை. சூத்திரத்துக்கும் குறியீட்டுக்கும் மொழி இல்லை. ‘எச் டூ ஓ’ எந்த நாட்டிலும் தண்ணீரே. ஆனால், எட்டாண்டு ஆராய்ந்த ஒருவன், தான் கண்டது என்ன என்பதைப் பத்துப் பக்கத்திலே தன் தாய்மொழியிலே சொல்ல முடியவில்லையென்றால், அவன் கண்டது தெளிவாகக் கண்டதுதானா என்ற ஐயம் நமக்கு எழாதா? தமிழில் எழுதுவது மக்களுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. ஆராய்ந்தவனுக்கே ஒரு தேர்வு. கடுஞ்சொல்லின் பின்னால் மறைந்துகொள்ள அங்கே இடமில்லை.

மக்களுக்கு இதிலே நாட்டம் உண்டா என்று ஐயுறுவோர் ஒருமுறை பள்ளத்தாக்கைச் சுற்றி வரட்டும். குச்சனூரிலே எரியும் விளக்குகளுக்கு ஊற்றுவது நல்லெண்ணெய். மற்ற எண்ணெய்கள் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க, நல்லெண்ணெய் மட்டும் நெடுநாள் கெடாமல் நிற்பது ஏன்? எள்ளிலே இருக்கும் ‘செசமால்’ முதலிய பொருள்கள் எண்ணெயோடு உயிர்வளி சேர்ந்து கெடுப்பதைத் தடுக்கின்றன. எள் சுமந்து வருபவர் கேட்டு மகிழக்கூடிய செய்தி இது. இந்த வயல்களை நனைக்கும் முல்லைப் பெரியாற்று அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுட்ட செங்கல் பொடியாகிய சுர்க்கியும் கலந்த கலவை நீருக்குள்ளேயே இறுகுவது எப்படி, கசியும் நீரோடு சுண்ணாம்பு கரைந்து வருவது ஏன் என்பவை இரசாயனத்தின் கேள்விகள். திராட்சைத் தோட்டத்திலே தெளிக்கும் மருந்து, கொடியிலே எவ்வளவு, மண்ணிலே எவ்வளவு, கிணற்றிலே எவ்வளவு தங்குகிறது? தெளிப்பவர் முகத்துக்கு நேரே வந்து விழும் கேள்வி இது. இதற்கு விடை எழுதிய ஏடு ஆங்கிலத்திலே அலமாரியில் இருந்தால், தெளிப்பவருக்கு என்ன காப்பு?

ஆகவே நாம் கேட்பது மூன்றே. ஒன்று: தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு அளிக்கப்படும் ஒவ்வோர் இரசாயன ஆய்வேட்டிலும், பள்ளி இறுதி வகுப்புப் படித்தவர் புரிந்துகொள்ளும்படி ஒரு தமிழ் இயல் கட்டாயம் இருக்க வேண்டும், தேர்வாளர் அதையும் மதிப்பிட வேண்டும். இரண்டு: வாய்மொழித் தேர்வு பல்கலைக் கழகத்து நான்கு சுவருக்குள் நடந்து முடிந்த பின், ஆராய்ந்தவர் தம் ஊரை அடுத்த கல்லூரியிலோ பள்ளியிலோ ஒரு மாலை அதைத் தமிழிலே விளக்க வேண்டும், அங்கே உழவரும் மாணவரும் கேள்வி கேட்க வேண்டும். மூன்று: உதவித் தொகைக்கான தகுதித் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வர வேண்டும், இந்திக்கு இயன்றது தமிழுக்கு இயலாது என்பதற்கு எந்த விஞ்ஞானமும் சான்று தராது.

இவற்றிலே எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். பல்கலைக் கழகம் ஒரு தீர்மானம் எழுத வேண்டும். நெறியாளர் ஒரு மாலையை விட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர் பத்துப் பக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்திலே, நன்றியுரையைத் தமிழிலே எழுதித் தொடங்கட்டும். நிலத்தை விற்றவரும் நகையைக் கழற்றியவரும் தம் பெயரைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.